கொழும்பில் நிற்கும் சரக்கு யார் கையில்? கடல்வழியும் துறைமுக முதலீடும்

2024 பிப்ரவரி முழுக்க, காலை பத்து மணி ஆனால் வாணியம்பாடியிலிருந்து எனக்குப் போன் வந்துவிடும். தோல் பதனிடும் தொழிற்சாலை வைத்திருக்கும் பாய் ஒருவர். ஜெர்மனியிலிருந்து ரசாயனம் வரவழைத்திருந்தார், இருபது அடி கன்டெய்னர் ஒன்று. எங்கள் பாஷையில் பாக்ஸ். நான் மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருக்கிறேன். கப்பல் வரும் தேதியைப் பார்ப்பது, கஸ்டம்ஸில் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி விண்ணப்பம் போடுவது, சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பு.

“தம்பி, என் சரக்கு எங்கப்பா நிக்குது?”

“ஆப்பிரிக்காவைச் சுத்திட்டு வருது பாய்.”

அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். மாதக் கடைசியில்தான் பதில் மாறியது. “கொழும்புல இறக்கிட்டாங்க பாய். சென்னைக்கு ஃபீடர் கிடைக்கணும். அங்க ஒரே நெரிசல்.”

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு கேட்டார்: “கொழும்புல நிக்குதுன்னா, யார் கையிலப்பா நிக்குது?”

பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எப்போது வரும், எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். யார் கையில் என்று யாரும் கேட்டதில்லை. அன்று போனில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதை ஒழுங்காக இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கப்பலுக்கும் ஷேர் ஆட்டோ உண்டு

தண்டையார்பேட்டையில் இருப்பவர் திருநெல்வேலி போக வேண்டுமென்றால் வீட்டு வாசலில் பஸ் வந்து நிற்காது. ஷேர் ஆட்டோ பிடித்து ஓரிடம் போய், அங்கிருந்துதான் பெரிய வண்டி. சரக்குக்கும் அப்படித்தான். இருபதடி பாக்ஸ் கணக்கில் இருபதாயிரத்துக்கு மேல் சுமக்கும் கப்பல்கள் இருக்கின்றன. மதர் வெசல் என்போம். இந்தப் பெரிய கப்பல்கள் ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் நடுவே ஓடும்போது இலங்கையின் தென்முனையை ஒட்டியே போகின்றன. நமக்காக வடக்கே திரும்பி வந்து போனால் நாளும் எண்ணெயும் அவர்களுக்கு நஷ்டம். ஆகவே சென்னை பாக்ஸைக் கொழும்பில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிருந்து சின்னக் கப்பல் ஒன்று எடுத்து வரும். அதுதான் ஃபீடர். இப்படி மாற்றி ஏற்றுவதற்கு டிரான்ஸ்ஷிப்மென்ட் என்று பெயர். கொழும்பில் கப்பல் மாறும் சரக்கில் சுமார் 70 சதவீதம் இந்தியாவோடு தொடர்புடையது.

இலங்கையைத் தொடாமல் வர முடியாதா? தொடாமல் வரலாம், சுற்றாமல் வர முடியாது. ராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் நடுவே பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது. அதை வெட்டி வழி செய்ய 2005-ல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் பாதியில் நின்றுவிட்டது. மேற்கிலிருந்து சென்னைக்கோ எண்ணூருக்கோ எது வந்தாலும், மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு வளைகுடாவிலிருந்து வரும் கச்சா எண்ணெய் உட்பட, இலங்கையின் தெற்கே போய்த்தான் திரும்ப வேண்டும். வடசென்னையின் அடுப்புக்கும், இலங்கையின் தென்கரையில் இருக்கும் ஹம்பன்தோட்டா துறைமுகத்துக்கும் இருக்கிற உறவு இதுதான்.

இந்தியாவின் வெளிநாட்டு வணிகத்தில் எடைக்கணக்கில் சுமார் 95 சதவீதம் கடலில் போகிறது, வருகிறது. மதிப்புக் கணக்கில் பார்த்தால் சுமார் 70.

கடல் பரந்து கிடக்கிறதே, இந்த வழி இல்லாவிட்டால் அந்த வழி என்று தோன்றும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் கேட் போட்டால் போட்டதுதான். கடலிலும் அப்படிப்பட்ட கேட்டுகள் உண்டு. ஈரானுக்கும் ஓமானுக்கும் நடுவே ஹோர்முஸ் நீரிணை, குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர். உலகம் எரிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. செங்கடல் வாசலில் பாப் எல்-மன்தெப், சுமார் 30 கிலோமீட்டர். கிழக்கே மலாக்கா நீரிணை சிங்கப்பூர் பக்கம் ஓரிடத்தில் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. சூயஸ் கால்வாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் உலகத்தையே நிறுத்தி வைத்தது.

2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஏமனின் ஹூதி ஆயுதக் குழுவினர் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். பெரிய கம்பெனிகள் சூயஸ் வழியை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்தன. பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை கூடுதல் பயணம், கூடுதல் எண்ணெய், போர் அபாயக் காப்பீடு வேறு. கப்பல்கள் அட்டவணை தவறிக் கொழும்பில் வந்து குவிந்தன. பாயின் பாக்ஸ் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

எம்டன் கற்றுக்கொடுத்தது

வழியைக் காப்பது என்றவுடன் கடற்படைதான் நினைவுக்கு வரும். தப்பில்லை. 2024 ஜனவரியில் சோமாலியா அருகே லீலா நார்ஃபோக் என்ற கப்பலில் கொள்ளையர் ஏறியபோது ஓடிப்போய் நின்றது ஐஎன்எஸ் சென்னை. நம் ஊர்ப் பெயர் தாங்கிய போர்க்கப்பல். 21 மாலுமிகள் பத்திரமாக மீண்டார்கள், அதில் 15 பேர் இந்தியர்கள். செய்தியைப் படித்த அன்று ஆபீசில் எல்லோருக்கும் ஒரு பெருமிதம். எங்கள் தெருவில் மாலுமி இல்லாத வீடு குறைவு.

ஆனால் போர்க்கப்பலும் எங்காவது போய் எண்ணெய் போட வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும். நம்மிடையே சாமர்த்தியமும் துணிச்சலும் உள்ள ஆளை ‘சரியான எம்டன்’ என்கிறோமே, அந்த எம்டன் கதையில் எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடலில் வந்து நின்று குண்டு போட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அதை எல்லோரும் சொல்வார்கள். அது எதைத் தின்று உயிர் வாழ்ந்தது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தக் காலத்துக் கப்பல் கரியில் ஓடியது. பிரிட்டனுக்கு ஏடன், கொழும்பு, திருகோணமலை, சிங்கப்பூர் என்று வழி நெடுகக் கரி போடும் துறைமுகங்கள் இருந்தன. சீனக் கரையில் இருந்த தன் தளத்தை விட்டுக் கிளம்பி வந்த எம்டனுக்கு இந்தியப் பெருங்கடலின் இந்தப் பக்கம் ஒரு துறைமுகம் கிடையாது. கூட வந்த கரிக் கப்பலிலும் பிடித்த கப்பல்களிலும் இருந்த கரியைத்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியது. அக்டோபரில் டீகோ கார்சியா தீவில் ஒதுங்கியது. போர் தொடங்கிய செய்தியே அந்தத் தீவுக்காரர்களுக்கு எட்டியிருக்கவில்லை. அவர்கள் தந்த உணவை வாங்கிக்கொண்டு கிளம்பியது. இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும் வங்கக் கடல் வணிகத்தையே முடக்கி வைத்த கப்பல், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் சிக்கி அழிந்தது. தளத்தை விட்டுக் கிளம்பி மூன்று மாதத்துக்குச் சற்று மேல்தான் தாக்குப்பிடித்தது. எதிராளிக்கு வழி முழுக்கக் கரை இருந்தது, எம்டனுக்கு இல்லை.

டீகோ கார்சியாவில் இன்று அமெரிக்கத் தளம் இருக்கிறது. நாடுகள் கடல் தாண்டிப் போய்த் துறைமுகத்திலும் ஓடுதளத்திலும் எண்ணெய்த் தொட்டியிலும் பணம் போடுவதன் ஆரம்பப் பாடம் இது. வழியில் நமக்கென்று ஒரு கரை வேண்டும். போர்க்காலத்தில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நெரிசல் நாளில் நம் பாக்ஸை முதலில் ஏற்றுவதற்கும் அந்தக் கரை வேண்டும்.

நிலம் ஒருவருடையது, கிரேன் இன்னொருவருடையது

வெளிநாட்டான் துறைமுகத்தை எடுத்துவிட்டான் என்று செய்தி வந்தால் ஊரே போய்விட்டது போலப் பேசுகிறோம். நம் துறைமுகத்தையே பாருங்கள். சென்னைத் துறைமுகத்தின் முதல் கன்டெய்னர் முனையம் 2001-ல் முப்பது வருட ஒப்பந்தத்தில் பிரிட்டனின் பி அண்ட் ஓ கையில் போனது. 2006-ல் அந்தக் கம்பெனியைத் துபாயின் டிபி வேர்ல்டு வாங்கியது, முனையமும் கூடவே கைமாறியது. 2009-ல் ஆரம்பித்த இரண்டாவது முனையம் சிங்கப்பூரின் பிஎஸ்ஏ நடத்துவது. ஆனால் கிரேன் மேலே உட்கார்ந்திருப்பவர் ராயபுரத்துக்காரர். நிலமும் நீரும் துறைமுக ஆணையத்தின் சொத்து. கேட்டில் துப்பாக்கியோடு நிற்பது மத்திய அரசின் காவல் படையான சிஐஎஸ்எஃப். சீலை வெட்டித் திறக்கச் சொல்லும் அதிகாரம் கஸ்டம்ஸுக்கு.

அதே 2006-ல் அதே வியாபாரத்தில் அமெரிக்காவின் சில துறைமுக முனையங்களும் துபாய் கைக்குப் போக இருந்தன. அங்கே நாடாளுமன்றமே கொந்தளித்தது. கடைசியில் டிபி வேர்ல்டு அவற்றை விற்றுவிட்டு வெளியேறியது. இங்கே திருவொற்றியூர் ஹைரோட்டில் டிரெய்லர்கள் வழக்கம்போல வரிசையில் நின்றன.

எனவே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைப் பற்றிப் படிக்கும்போது தனித்தனியாகக் கேட்டுப் பழகுங்கள். நிலம் யாருடையது, கட்டப் பணம் கொடுத்தது யார், கிரேனை ஓட்டுவது யார், காவல் யாருடையது? நான்குக்கும் நான்கு பதில் இருக்கலாம். கிரேனை ஓட்டுகிறவர் கையில் இருப்பது எந்த பாக்ஸ் எந்த வரிசையில் ஏறுகிறது, கட்டணம் எவ்வளவு, எவன் சரக்கு எங்கே போகிறது என்ற விவரம். அது சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். வரிசையில் நிற்கிற வேலை செய்கிறவனுக்கு வரிசையின் மதிப்பு தெரியும்.

ஹம்பன்தோட்டாவை இப்படிப் பிரித்துப் பார்த்தால் பாதி குழப்பம் தீரும். சென்னையில் வீட்டைப் போக்கியத்துக்கு விடுவோம் இல்லையா? மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் வீட்டைக் கொடுப்பது. தவணை முடிந்ததும் தொகையைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்டுக்கொள்ளலாம். ஹம்பன்தோட்டா துறைமுகம் சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கிக் (எக்ஸிம்) கடனில் கட்டப்பட்டு 2010-ல் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த கப்பல் வரவில்லை, வருமானமும் இல்லை. 2017-ல் சீனாவின் சைனா மெர்ச்சன்ட்ஸ் என்ற துறைமுக நிறுவனம் 112 கோடி டாலர் கொடுத்து, 99 வருடத்துக்கு 70 சதவீதப் பங்கோடு நடத்தும் உரிமையை வாங்கிக்கொண்டது.

‘கடனைக் கட்ட முடியாமல் துறைமுகத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்’ என்று டீக்கடையிலிருந்து டிவி வரை சொல்கிறார்கள். அது சரியில்லை. அந்த டாலர் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தூக்கி நிறுத்தப் போனது. கட்டுவதற்கு வாங்கிய கடன் அப்படியே இலங்கை தலையில்தான் நின்றது. வீட்டைப் போக்கியத்துக்கு விட்டாகிவிட்டது, வீட்டு லோன் இன்னும் ஓடுகிறது என்ற நிலை. 2022-ல் இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுவதையே நிறுத்தியபோது, அந்தக் கடனில் இருப்பதிலேயே பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் பத்திரம் விற்று வாங்கியது. சீனா கொடுத்தது அதில் ஒரு பகுதி.

அப்படியானால் இந்தியா பயப்படுவது வீணா? இல்லை. துறைமுகத்தின் காவல் எங்களுடையது என்று இலங்கை சொல்கிறது. ஆனால் 2022 ஆகஸ்ட் 16 அன்று யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல், டெல்லி எதிர்ப்புத் தெரிவித்த பிறகும், ஹம்பன்தோட்டாவில் வந்து நின்றது. அதற்கு முன்பே 2014-ல் கொழும்பில், சைனா மெர்ச்சன்ட்ஸ் 85 சதவீதப் பங்கு வைத்திருக்கும் முனையத்தில், சீன நீர்மூழ்கிக் கப்பல் நின்றது. சொத்துப் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், கடன்பட்டவன் வீட்டுக்குக் கடன் கொடுத்தவன் வந்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தியாவின் பதில் என்ன? அங்கேயே போய்க் கரை பிடிப்பது. கொழும்பின் கிழக்கு முனையத்தை இந்தியா, ஜப்பான், இலங்கை மூன்றும் சேர்ந்து நடத்த 2019-ல் ஒப்புக்கொண்டார்கள். துறைமுகத் தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன, 2021 பிப்ரவரியில் இலங்கை அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டது. அதற்குப் பதிலாகக் கிடைத்ததுதான் மேற்கு முனையம். அதானி 51 சதவீதம், இலங்கையின் ஜான் கீல்ஸ் 34, துறைமுக அதிகாரசபை 15. 2025 ஏப்ரலில் கப்பல் வர ஆரம்பித்தது, 20 மீட்டர் ஆழம். இப்போது கொழும்புத் துறைமுகத்துக்குள்ளேயே சீனக் கையும் இந்தியக் கையும் இருக்கின்றன. சரக்கை அனுப்புகிற என் போன்றவனுக்கு இது நல்லது. ஒருவர் கை மட்டும் இருந்தால்தான் ஆபத்து.

கிழக்கு முனையத்தை நிறுத்தியவர்கள் அங்கே வேலை செய்யும் தொழிலாளிகள். இதைப் பல விளக்கங்கள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன, எனக்கு மனம் வரவில்லை. 2017 ஜனவரியில் ஹம்பன்தோட்டாவில் நிலம் போகிறது என்று ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள், கண்ணீர்ப் புகை வீசிக் கலைத்தார்கள். அதே ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரை முழுக்கத் தார் மாதிரி கருப்பு. வாளியில் அள்ளியவர்களில் நானும் ஒருவன். கையுறை போதவில்லை, தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துத்தான் விரல் இடுக்கில் இருந்ததை எடுத்தோம். ஒரு வாரம் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த வாடை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்ப்பதை வளர்ச்சிக்குத் தடை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வாடை நினைவுக்கு வரும். அந்த ஊர்க்காரருக்குச் சோறு போடாத துறைமுகம், முதல் போட்டவனுக்கும் ஆபத்தான நாளில் கைகொடுக்காது. அடுத்த தேர்தலில் ஒப்பந்தமே கிழிந்து போகலாம்.

கடல் தாண்டிய முதலீடு ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதும் இல்லை. ராஜராஜன் காலத்தில், சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசின் மன்னன் நாகப்பட்டினத்தில் சூளாமணி என்ற புத்த விகாரம் எழுப்பினான், அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைச் சோழன் விட்டுக்கொடுத்தான். கிழக்கிலிருந்து வந்த வணிகர்களுக்கு நம் கரையில் ஒரு காலடி. இருபது வருடத்துக்குள், 1025-ல், ராஜேந்திரனின் கப்பல்கள் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் பாய்ந்தன. கட்டடம் நட்பைக் காட்டும், ஆனால் நட்புக்கு உத்தரவாதம் கொடுக்காது.

நம் காலத்தில் மணலி. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் ஆரம்பித்தபோது இந்திய அரசோடு அமெரிக்காவின் ஆமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் ஆளுக்கு 13 சதவீதம் பணம் போட்டன. எண்ணெய் விற்கும் நாடு, எண்ணெய் வாங்கும் ஆலையிலேயே பங்குதாரராக உட்கார்ந்துகொண்டது. ஆமோகோ பின்னாளில் விலகியது, ஈரான் பங்கு தொடர்ந்தது. எங்கள் அப்பா மணலி ஆலையின் சிம்னி நெருப்பைக் காட்டி ‘ஈரான்காரன் பணமும் எரியுதுடா’ என்பார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னாளில் இந்தியா ஈரானில் பணம் போட்டது, சாபஹார் துறைமுகத்தில். பாகிஸ்தான் தரை வழியைத் தராததால் ஆப்கானிஸ்தானுக்கும் மத்திய ஆசியாவுக்கும் போக நமக்கு அது வாசல். 2017-ல் ஆப்கானிஸ்தானுக்குக் கோதுமை அந்த வழியாகப் போனது. 2024 மே 13 அன்று பத்து வருட ஒப்பந்தம் கையெழுத்தானது: சுமார் 12 கோடி டாலர் முதலீடு, 25 கோடி டாலர் கடன் வசதி. ஆனால் ஈரான் மேல் அமெரிக்கத் தடை இருக்கிறது. சாபஹாருக்கு 2018-ல் கொடுத்திருந்த விலக்கை அமெரிக்கா 2025 செப்டம்பரில் திரும்பப் பெற்றது, இந்தியா பேசி ஆறு மாத அவகாசம் வாங்கியது. நிலம் ஈரானுடையது, கிரேன் நாம் கொடுத்தது, கதவைச் சாத்தும் சக்தி மூன்றாவது ஆளிடம். நான்கு கேள்வி கேட்கச் சொன்னேனே, ஐந்தாவதாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாயின் பாக்ஸ் மார்ச் இரண்டாம் வாரம் சென்னையில் இறங்கியது. திருவொற்றியூர் பக்கத்தில், கன்டெய்னரைப் பிரித்துச் சரக்கை எடுக்கும் சிஎஃப்எஸ் யார்டில் சீல் வெட்டும்போது அவரே வந்து நின்றார், வெள்ளைத் தொப்பியில் தூசி. சீல் எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே டிரம்கள் ஒன்றும் கசியவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டார். “அடுத்த தடவை கொழும்பு வேணாம்னு எழுதிக் குடுக்க முடியுமா தம்பி?” என்றார். வழியைக் கப்பல் கம்பெனிதான் முடிவு செய்யும் பாய், நம் கையில் இருப்பது எந்தக் கம்பெனி என்பது மட்டும்தான் என்றேன்.

2025 மே 2 அன்று கேரளாவில் விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இயற்கையாகவே ஆழமான கடல், பெரிய கப்பல் வழியிலிருந்து கூப்பிடு தூரம், மதர் வெசல் நேராக வந்து நிற்கிறது. மறுநாள் காலை பத்து மணிக்குப் போன்.

“தம்பி, விழிஞ்ஞம் வழியா ஒரு ரேட்டு, கொழும்பு வழியா ஒரு ரேட்டு. ரெண்டும் வாங்கி அனுப்பு.”